ஜெனரேட்டர் ஓரம் கேட்ட கச்சேரி

24.4.2005

வேலை முடிந்து வந்த தாகத்தில் தரையில் இருந்த பீங்கான் கிண்ணம் ஒன்றை எடுத்து வாயில் வைக்கப் போனேன். “அப்பா, அது மத்தியமம்” என்று கத்தினாள் மகள் பாண்டிச்செல்வி. இருபது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன், இன்றுதான் மத்தியமத்தைக் குடிக்கப் பார்த்திருக்கிறேன்.

ஜலதரங்கமாம். பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் சொல்லிக்கொடுத்தது. கிண்ணங்களில் தண்ணீர் விட்டு இரண்டு குச்சியால் தட்டுகிறாள். தண்ணீர் கூடினால் ஒரு சத்தம், குறைந்தால் ஒரு சத்தம். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு இதில் கருத்துச் சொல்ல உரிமை இல்லை. ஆனாலும் சொன்னேன். தப்பாம்.

27.4.2005

நம்ம ஊர் அம்மன் கோவில் சித்திரைப் பொங்கலுக்கு மதுரை பாலகுருவின் ஆர்கெஸ்ட்ரா. டீச்சர் சொல்லி, அவரே இன்று வீட்டுக்கு வந்து பாண்டி வாசிப்பதைக் கேட்டார். பொங்கலன்று சிறப்பு விருந்தினராக ஒரு பாட்டுக்கு மேடையேற்றுவாராம். கூட்டத்துக்குப் பிடித்திருந்தால் குழுவிலேயே சேர்த்துக்கொள்வாராம்.

பிடிக்காவிட்டால்? அதற்கு என் வீட்டுக்காரி சோலையம்மாள் ஏற்கெனவே வழி பண்ணிவிட்டாள். பிளஸ் டூ பரீட்சைதான் முடிந்துவிட்டதே, ஜூன் ஒண்ணாம் தேதியிலிருந்து அவளோடு தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்கு வேனில் ஏற வேண்டியதுதான். “கிண்ணத்தத் தட்டுனா சோறு வருமாங்க?” என்று என்னிடம் கேட்டாள். நியாயமான கேள்வி. பட்டாசுக் கம்பெனி மருந்து ரூமில் சல்லடை தட்டுகிற எனக்கு மட்டும் என்ன விருந்தா வருகிறது?

பாண்டி துடைத்த கிண்ணத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் அந்த வேனில் ஏறக் கூடாது. இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறேன்.

3.5.2005

கிண்ணங்களைக் கொண்டுபோகப் பெட்டி வேண்டுமென்றாள். கம்பெனியிலிருந்து காலி அட்டைப்பெட்டி ஒன்று வாங்கி வந்து வைக்கோல் பரப்பிக் கொடுத்தேன். நாலு பக்கமும் ராக்கெட் படம். “நல்லாருக்குப்பா” என்றாள். பெருமையில் இரண்டு தோசை கூடத் தின்றேன்.

8.5.2005

“மேடைப் பக்கம் மட்டும் வந்துராதீகப்பா” என்றாள். சரி என்றேன்.

10.5.2005

எழுதக் கூச்சமாக இருக்கிறது.

மேடைப் பக்கம் போகமாட்டேன் என்றுதான் சொன்னேன். ஆனால் பெட்டியை யார் தூக்குவது? தூக்கிப்போய் மேடையில் வைத்தேன். அவள் கிண்ணங்களை அடுக்கி, கரண்டியால் தண்ணீர் விட்டு, தட்டித் தட்டிச் சுதி சேர்த்து முடித்தாள். அப்போதே இறங்கியிருக்கலாம். தகப்பனாயிற்றே, கூட்டம் என்னையும் கொஞ்சம் பார்க்கட்டும் என்று நின்றேன்.

முதல் பாட்டுக்கு முன்னால் வாத்தியங்களுக்குச் சூடம் காட்டுவது அவர்கள் வழக்கம். தட்டு வைக்க இடமில்லை. பாலகுரு அந்தக் காலிப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் தட்டை வைத்துச் சூடத்தைப் பற்றவைத்தார். நான் திரும்புகிறேன் — ராக்கெட் பெட்டி மேலே தீ!

மருந்து ரூமில் தீ என்ற சொல்லைக்கூட நாங்கள் சத்தமாகச் சொல்வதில்லை. மூளை போய்விட்டது. கைதான் மிச்சம். பக்கத்தில் தண்ணீர் எதில் இருந்தது? கிண்ணத்தில். ஒன்று, இரண்டு, மூன்று. ஊற்றிவிட்டேன். சூடம் அணைந்தது. பாலகுருவின் பட்டு வேட்டி நனைந்தது. “ஓடுங்கலே” என்று வேறு கத்தியிருக்கிறேன். தபேலாக்காரர் நிஜமாகவே ஓடிவிட்டார்.

காலிப்பெட்டி. வாங்கிவந்தது நான். வைக்கோல் பரப்பியது நான். தூக்கிவந்ததும் நானேதான்.

பாலகுரு கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “சாமிக்கு ஏத்துன சூடத்த அணைச்சிட்டீகளே அண்ணாச்சி. இனி இந்தப் பிள்ளைய எப்படி வாசிக்கவிட?” என்றார். கையிலிருந்த காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

பாண்டிதான் பேசினாள். “வேற சூடம் ஏத்துங்க சார். அதுக்குள்ள நான் தண்ணி சரி பண்ணிருதேன்.” பிறகு என் பக்கம் பார்க்காமலே, “அப்பா, நீங்க ஜெனரேட்டர்கிட்ட போய் நில்லுங்க.”

போய் நின்றேன். அங்கே இடி விழுந்தாலும் கேட்காது. படுதா மேடையை மறைத்தது. அவளை வாசிக்க விட்டார்களா, இல்லையா? எதிரே ஒரு கடலை வண்டிதான் தெரிந்தது. திடீரென்று கடலைக்காரர் பொட்டலம் மடிக்கிற கையை நிறுத்திவிட்டு மேடையைப் பார்த்தார். வாங்க வந்த ஆளும் பொட்டலத்தைக் கேட்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

என் மகள் கச்சேரியில் நான் கண்டது அவ்வளவுதான்.

11.5.2005

என்னோடு மருந்து ரூமில் இருக்கும் கண்ணுச்சாமி, “தீயணைப்பு ஆபீசர் வாராக, வழி விடுங்க” என்று கம்பெனி கேட்டிலேயே சல்யூட் வைத்தான். மற்றவர்களும் வரிசையாக வைத்தார்கள். நானும் திருப்பி வைத்தேன், வேறென்ன செய்ய?

குழுவில் சேர்ப்பதைப் பற்றிப் பாலகுரு ஒரு வார்த்தையும் சொல்லாமல் மதுரைக்குக் கிளம்பிவிட்டாராம். பாண்டி என்னோடு பேசவில்லை.

14.5.2005

பேசவில்லை.

19.5.2005

இன்று வாய் திறந்தாள். “நான் வாசிச்சது எப்படிப்பா இருந்துச்சு?”

பிரமாதம் என்று சொல்லிவிடத்தான் நினைத்தேன். வரவில்லை. “கடலைக்காரரு பொட்டலம் மடிக்காம நின்னாரு. அம்புட்டுத்தான் தாயி தெரியும். ஜெனரேட்டர் சத்தத்துல ஒண்ணுமே கேக்கல.”

“ஒண்ணுமேவா?” என்றாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கே அழுகையாகத் திரும்பியது என்று தெரியவில்லை. போய் நிக்கச் சொன்னவ நான்தானே என்கிறாள்.  தோள் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

சோலையம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். ஒன்றும் கேட்காமல் கிண்ணங்களை எடுத்துத் தரையில் வைத்தாள். அவளே சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். “அழுதது போதும். அந்த மனுசன் கேக்கட்டும், வாசி” என்றாள்.

கேட்டேன். இந்தத் தடவை கருத்து ஒன்றும் சொல்லவில்லை.

27.5.2005

பக்கத்துக் கடைக்குப் பாலகுருவிடமிருந்து போன். குழுவில் சேரப் பாண்டியை அனுப்பச் சொன்னார். என்னை அனுப்ப வேண்டாம் என்றும் சொன்னார்.

1.6.2005

விடியற்காலை தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்தது. டிரைவர் முனியராஜ், “இன்னைலருந்து மகளும் வாரான்னீகளே, எங்கக்கா?” என்று கேட்டார்.

“அவ மதுரைக்குப் போயிருக்கா, ரிகர்சலுக்கு” என்றாள் சோலையம்மாள். முனியராஜ் பக்கத்தில்தான் இருந்தார். அவள் போட்ட சத்தத்தில் கடைசி சீட்டில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.