விளையாட்டாய் விட்ட ஏலம்

மாசி, செவ்வாய் ராத்திரி.

இன்று மண்டியில் ஏலம் விடும் ராசு அண்ணன் தண்ணீர் குடிக்கப் போனார். வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்த நான் சும்மா இருக்காமல், பாடாலூரிலிருந்து விற்க வந்த விவசாயியின் மூட்டைகள் முன்னால் நின்று அவரைப் போலவே இழுத்துக் கத்தினேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு வியாபாரி மட்டும் நிஜமாகவே விலை கேட்டுவிட்டார். இன்னொருவர் ஏற்றினார். அந்த வேகத்தில் "மூணு தரம்" என்று நானே முடித்துவிட்டேன்.

முதலாளி வந்தார். வேலை போச்சு என்று நினைத்தேன்.

"முடிஞ்ச வெல முடிஞ்சதுதான். ஏம்மா செல்வி, இந்த வாய வச்சிக்கிட்டு வெங்காயமா அறுத்துக்கிட்டு இருந்த? ராசுக்குத் தொண்ட போயிடுச்சு. நாளையிலேருந்து நீயே ஏலம் விடு."

"இந்த வாயோட அருமைய எங்க வூட்டுக்காரருகிட்ட சொல்லுங்க சார்," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பாடாலூர்க்காரர் சிரிக்கவில்லை. "இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா ஏறியிருக்கும் தாயி," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அதுதான் தூங்கவிடவில்லை. கத்துவது எனக்குப் பிடிக்கும், நன்றாகவும் வரும். ஆனால் நான் அவசரப்பட்டால் ஒருத்தர் வருசப் பாடு போய்விடுமே.

மெதுவாக "ஒரு தரம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"என்னாடி?" என்றார் வீட்டுக்காரர்.

"ஒங்களத்தான் ஏலம் விடுறேன். கேக்கத்தான் ஆளில்ல."

அவர் சிரித்துவிட்டுத் தூங்கிவிட்டார். ரெண்டு தரம் வரை சொல்லிவிட்டேன். மூன்றாவது வாயில் வரவில்லை.