உள்பை வைத்த குர்த்தி

இன்று காலை சந்தையில் மேசையை விரித்துத் துணிகளைத் தொங்கவிடும்போது, பக்கத்துக் கடையிலிருந்து தேங்காய்ப்பால் சோற்று வாசம் வந்தது. நீ அந்த நாசி லெமாக் சோறு விற்ற இடத்தில் இப்போது வேறொரு பெண் விற்கிறாள். நல்ல பெண்தான். ஆனாலும் அந்த வாசம் பட்டதும் உன்னிடம் பேசவேண்டும் போலிருந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஈப்போவில் நான் வேலை செய்த தொழிற்சாலையை மூடியபின், வீட்டில் தைத்த குர்த்திகளை எடுத்துக்கொண்டு இந்த ஞாயிற்றுச் சந்தைக்கு வந்தேன். கூவி விற்க எனக்கு வராது. துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்கிறவர்களை நீதான் சோற்றுக் கரண்டியும் கையுமாக நிறுத்துவாய். "சொந்தமா தைச்சது லா அக்கா, போட்டுப் பாருங்க!" என் முதல் குர்த்தியை வாங்கியதும் நீதான்.

பிறகு உனக்குப் புற்றுநோய் என்றார்கள். இடது மார்பை எடுத்துவிட்டார்கள். சில மாதம் கழித்து நீ கடைக்குத் திரும்பியபோது, அந்த வெயிலிலும் தடித்த சால்வையைப் போர்த்தியிருந்தாய். கூட்டம் குறைந்ததும் என் மேசைக்கு வந்தாய்.

"எல்லாரும் மூஞ்சிய விட்டுட்டுக் கீழ பாக்குறாங்க. கையத் தூக்கவும் முடியல. எனக்கு ஒரு சட்டை தைச்சுக் குடு லா."

"எப்படித் தைக்கிறதுன்னு எனக்குத் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமா? ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம்."

நீ சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். கையைத் தூக்காமல் போட முன்பக்கம் முழுக்கத் திறப்பு. வித்தியாசம் கண்ணில் படாதிருக்கத் தோளிலிருந்து சரிந்து இறங்கும் மடிப்புகள். உள்ளே, பஞ்சுத் திண்டு வைக்க ஒரு பை. முதலில் தைத்ததைப் போட்டுக்கொண்டு நீ குனிந்து மிளகாய்ச் சம்பலைக் கிளறினாய்; திண்டு நழுவி இடுப்புக்கு வந்துவிட்டது. எனக்கு அழுகை முட்டியது. நீயோ, "ஐயோ, என் மாரு வயித்துக்கு மாத்தலாகிப் போச்சு!" என்று சிரித்தாய். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீ சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பையின் வாயில் நாடா வைத்து மறுபடி தைத்தேன். திண்டு நழுவாமல் நின்றது.

அதை உடுத்திக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாய். அடுத்த ஞாயிறு, அங்கே உன்னோடு சிகிச்சைக்கு வரும் பெண்களை அழைத்து வந்தாய். நீயே கைலியை மறைப்பாகப் பிடித்து அவர்களைப் போட்டுப் பார்க்க வைத்தாய். சும்மா கொடுத்துவிடலாமே என்று உன் காதில் சொன்னேன்.

"கூடாது. விலை சொல்லு. அவங்க பேரம் பேசட்டும், கலர் பிடிக்கலன்னு சொல்லட்டும். ஆஸ்பத்திரியில குடுக்கிறத வாங்கி வாங்கிச் சலிச்சுப் போச்சு. இங்கயாவது துணி வாங்க வந்தவங்களா இருக்கட்டும்."

கோலா கங்சாரிலிருந்து வந்திருந்த ஓர் ஆசிரியை, நான் நீட்டிய பழுப்புக் குர்த்தியைப் பார்த்து, "இது கிழவிங்க போடுறது" என்று உதட்டைப் பிதுக்கினார். நீ என்னைப் பார்த்து ஜெயித்துவிட்டதுபோல் கண்ணடித்தாய்.

நோய் திரும்பி வந்தது. படுக்கையில் இருந்தபோதும் புதிதாகத் தைத்ததைக் கொண்டுவரச் சொல்லிப் பார்ப்பாய். "கழுத்த இன்னும் கொஞ்சம் இறக்கு, அழகா இருக்கும்." இறக்கினேன். அழகாகத்தான் இருந்தது. அதை நீ பார்க்கவில்லை.

இன்று இந்தக் கடையில் எனக்குச் சோறு போடுவது நீயும் நானும் சேர்ந்து வரைந்த அந்த உடுப்புதான். அதற்கு நன்றி. அதைவிட, முன்பெல்லாம் அளவு நாடாவோடு மட்டுமே பெண்களிடம் போவேன். ஒருத்தி எப்படி நிற்கிறாள், எதை மறைக்கிறாள் என்று பார்க்க உன்னால்தான் தெரிந்தது. அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

போன வாரம் பீடோரிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். மேலே தொங்கியதற்குக் கையைத் தூக்காமல், மேசையில் கிடந்த வேண்டாத துணிகளையே புரட்டிக்கொண்டு நின்றாள். அருகில் போய், "எந்தக் கைம்மா வலிக்குது?" என்று மெல்லக் கேட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே தொங்கிய நம் குர்த்திகளை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுல பச்சை இருக்கா கா?"

இருந்தது. அதை உடுத்திக்கொண்டேதான் வீட்டுக்குப் போனாள்.