பார்க்க ஒன்றுமில்லாத ஊர்

அன்புள்ளவருக்கு,

காலையில் முதல் வேலையாக, உங்களோடு தலைநகரத்தில் குடியேறுவதற்காகக் கட்டிவைத்த பெட்டியைப் பிரித்து டீப் பாத்திரத்தை வெளியே எடுத்தேன்.

கல்யாணமான புதிதில், "உங்க ஊர்ல பார்க்க என்னதான் இருக்கு?" என்று கேட்டீர்கள். "ஒண்ணுமில்லைங்க" என்றேன். இந்த ஊர்க்காரர்கள் எல்லாருமே வெளியாட்களிடம் அப்படித்தான் சொல்வோம். பெருமை பேசக் கூச்சம். நீங்கள் அதை அப்படியே நம்பிவிட்டீர்கள். தலைநகரத்து வேலையிலிருந்து வாராவாரம் வந்தும், பேருந்து நிலையத்தையும் நம் வீட்டையும் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

நேற்று மருந்துக்கடை அண்ணனிடம் விடைபெறப் போனேன்.

"அங்கெல்லாம் தலைவலின்னு நீ வாயைத் திறந்து சொல்லணும்மா. இங்க நீ படியேறும்போதே மாத்திரையை எடுத்து வெச்சிடுவேன். மத்தபடி, இந்த ஊர்ல என்ன இருக்கு?"

சிரித்துக்கொண்டே படியிறங்கினேன். தெருமுனை வருவதற்குள் அழுகை வந்துவிட்டது.

ஒரு சாயங்காலமாவது உங்களை ஆற்றுப்பாலம் வரை நடக்கவைத்திருக்கலாம். வழியில் நாலு பேர் நிறுத்தி விசாரித்திருப்பார்கள். பார்க்க இருப்பது அதுதான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

சாமான் ஏற்ற வரும் லாரிக்காரரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. பிரித்த பெட்டியை நான் மறுபடி கட்டப்போவதில்லை.

இங்கேயே இருக்கும்,
உங்கள் மனைவி