சான் டெல்மோவின் ஏழாம் அத்தியாயம்

சான் டெல்மோ, பதாங்காஸ்
9 பிப்ரவரி 1998

அன்பு சாந்திங்,

நீ அனுப்பிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார்க்கவில்லை. ஞானஸ்நானத்தன்று என் கையில் கிடந்து அலறிய பிள்ளை நீ. இன்று வரலாற்றுப் பேராசிரியர் ஆகிவிட்டாய் என்பதற்காக உன்னைச் சந்தேகப்படவா? நம் நாடு விடுதலை அறிவித்த நூறாவது ஆண்டில் என் வீட்டுக்காரர் எலூதெரியோவின் புத்தகம் மறுபடி வருகிறது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

ஏழாம் அத்தியாயத்தின் அச்சுப்படியை மட்டும் எனக்கு அனுப்பு. அந்த விடுதலைக்குப் பின்னாலேயே நாட்டைப் பிடிக்க வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் நம் ஊரை எரித்தபோது, எந்தக் களஞ்சியத்தில் நெல் இருக்கிறது என்று காட்டிக்கொடுத்தவர் நிலக்கிழார் தோன் அன்செல்மோ. அதைக் கண்ணால் பார்த்த என் அத்தை பசிலியா சொல்லச் சொல்ல, நான்தான் எழுதிக்கொண்டேன். ஒரு பெயர்கூடத் தப்பாகிவிடக் கூடாது.

திருவிழாவுக்கு வராமல் ஏமாற்றிவிட்டாய். உனக்காக வறுத்த காப்பிக்கொட்டையை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டேன். நன்றாக அனுபவி.

உன் ஞானத்தாய்,
புரிங்

*

கேசோன் சிட்டி
3 மார்ச் 1998

அன்புள்ள நினாங்,

திட்டுங்கள், உங்கள் திட்டைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! காப்பிக்கொட்டை போனதுதான் வருத்தம்.

ஒரு நல்ல செய்தி. தோன் அன்செல்மோவின் பேத்தி லூர்தெஸ் வில்யாரோகா, எலூதெரியோ ஐயாவின் பெயரில் நம் ஊரில் நூலகம் கட்டித் தருகிறார். மாகாணத்தின் எல்லாப் பள்ளிகளுக்கும் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறார். அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எவ்வளவு மரியாதை!

புரை விழுந்த கண்ணை வைத்துக்கொண்டு அச்சுப்படியோடு ஏன் மல்லுக்கட்டுகிறீர்கள்? நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் ஞானமகன்,
கிரிசாந்தோ

*

சான் டெல்மோ
27 ஏப்ரல் 1998

அன்பு சாந்திங்,

புத்தகம் வந்தது. அட்டையில் அவர் படம் அழகாக இருக்கிறது. பக்கத்து வீட்டுத் தாசிங்கைப் படிக்கச் சொன்னேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அடி புரிங், உங்க அத்தை எங்கடி? காணோமே!" என்றாள். அச்சகத்தில் தவறவிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

பிறகு உன் முன்னுரையைப் படித்தாள். ‘ஆதாரம் போதாது, ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிடு என்று கடைசி நாட்களில் ஐயாவே மருத்துவமனையில் என்னிடம் சொன்னார்.’

இரண்டு முறை படிக்கச் சொன்னேன். பக்கவாதம் வந்தபின் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, சாந்திங். தண்ணீர் வேண்டும் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. நீயும் பக்கத்தில்தானே இருந்தாய்? அந்த அத்தியாயத்துக்காகத்தான் ராணுவ ஆட்சியில் அவரைச் சிறையில் வைத்தார்கள். அப்போதும் ஒரு வரியை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை.

வேறு யாரோ எழுதி உன் பெயரைப் போட்டுவிட்டார்கள் என்றால் சொல். நம்புகிறேன்.

புரிங்

*

கேசோன் சிட்டி
8 மே 1998

அன்புள்ள நினாங்,

உங்கள் மனம் புண்பட்டது தெரிகிறது. ஐயா வாயால் சொல்லவில்லை, உண்மை. சைகை காட்டினார், நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன்.

கொஞ்சம் யோசியுங்கள். வில்யாரோகா குடும்பம் வாங்கிக் கொடுக்கும் புத்தகத்தில் அவர்கள் தாத்தாவையே துரோகி என்று எழுதியிருந்தால் ஒரு பள்ளிக்காவது போயிருக்குமா? ஓர் அத்தியாயம் போனதால் மற்றதெல்லாம் பிள்ளைகள் கைக்குப் போகிறது. ஐயா இருந்திருந்தால் இதைத்தான் விரும்பியிருப்பார்.

ஜூன் பன்னிரண்டாம் தேதி நூலகத் திறப்பு. நீங்கள்தான் நாடா வெட்ட வேண்டும். எனக்கு அன்று மணிலாவில் நூற்றாண்டு விழா மேடையில் இடம் போட்டிருக்கிறார்கள், வர முடியாது.

கோபம் வேண்டாம்.

கிரிசாந்தோ

*

சான் டெல்மோ
14 ஜூன் 1998

கிரிசாந்தோ,

திறப்பு விழாவுக்குப் போனேன். நாடாவை வெட்டினேன். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பழைய பதிப்பைத் தாசிங்கின் கையில் கொடுத்து, "ஏழாம் அத்தியாயத்தை நிறுத்தாம படி" என்றேன். கொஞ்ச நேரத்தில் நகராட்சி ஆள் ஒருவன் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டான். சனங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து உட்கார்ந்தார்கள். முடிவு வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. லூர்தெஸும்தான்.

பிறகு அந்த அம்மாள் என்னிடம் வந்தாள். முகம் வெளிறியிருந்தது. சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"இதை எடுக்கச் சொல்லி நான் கேக்கவே இல்லையேம்மா. இப்படி ஒண்ணு இருந்ததே எனக்குத் தெரியாது. ‘உங்க குடும்பம் சங்கடப்படுற மாதிரி புத்தகத்துல ஒண்ணும் இல்லை’ன்னு பேராசிரியரே தானா வந்து சொன்னார். நான் ஏன் கேக்கப்போறேன்?"

என் அத்தையின் பெயரைத் திரும்பவும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு போனாள். அவள் நல்லவளா என்று எனக்குத் தெரியாது. நாளைக்கே மனம் மாறலாம். ஆனால் அவள் கேட்கவில்லை. நீயாகவே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய்.

அந்நியன் போன பிறகும், யாரும் கேட்காமலே நாம் குனிகிறோம் என்று உன் ஐயா எழுதியதை வருடா வருடம் நீ வகுப்பில் நடத்துகிறாயே, அப்போது யாரை நினைத்துக்கொண்டு நடத்துவாய்?

ஊர்க்காரர்கள் அந்த அத்தியாயத்தை நகலெடுத்து, நூலகத்துப் பிரதிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிகளுக்குப் போனவற்றையும் தேடிப் போகப்போகிறார்களாம். உன் முன்னுரையை யாரும் கிழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அதுவும் இருக்கட்டும், படிக்கட்டும்.

நவம்பரில் இறந்தோர் நாளுக்கு மெழுகுவர்த்தியோடு அவர் கல்லறைக்கு வருவாயே. இனி வராதே. பேச முடியாமல் கிடந்த நாட்களில் அவர் என் கையைவிட உன் கையைத்தான் அதிகம் பிடித்துக்கொண்டிருந்தார். அதில் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

புரிஃபிகாசியோன் மராசிகன்