மூச்சு வாங்கும் இடங்கள்

அக்காவுக்கு,

டாக்டர் சொன்னபடி அப்பா இனி மேடையேறக் கூடாது என்று சொல்லிவிட்டு வரத்தான் நீ என்னை அனுப்பினாய். நுரையீரல் பாதி போன மனிதர் கிட்டாரை மாட்டிக்கொண்டே சிரித்தார். "டாக்டரோட தூதாடா நீ? முதல்ல உட்காரு, அப்புறம் திட்டு."

மேடையில் முதல் வரியின் நடுவிலேயே மூச்சு முட்டி நின்றுவிட்டார். டிரம்ஸ்காரர் குச்சிகளை ஓங்கியபடி அப்பாவின் தோளையே பார்த்திருந்தார். அவர் மூச்சை இழுத்து, தோள் எழுந்ததும் அடித்தார். அந்தப் பழைய ராக் பாட்டு, அப்படி நின்று நின்று, ஒரு மலை நகர்ந்து வருவதுபோல் வந்தது. அரங்கமே மூச்சடக்கிக் கிடந்தது.

நம் பிறந்தநாள் ஒன்றுக்கும் வராதவர். அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை மறுபடி பாடுகிறார். நான் டிக்கெட் வாங்கிவிட்டேன்.

உன் தம்பி