ஒன்பதாம் வகுப்புக்குப் பத்து வார நாடகம்

ஜூன் 24, செவ்வாய்

தலைமையாசிரியர் ஆனந்தராஜ் சார் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். புதன்கிழமை கடைசி பீரியட், ஒன்பதாம் வகுப்பு, பத்து வாரம். "ஆண்டு விழா டான்ஸ் மாதிரி ஆகிடக் கூடாது மிஸ், எழுத்துல திட்டம் வேணும்" என்றார். எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வாரம் மூச்சும் நடையும். இரண்டாவதில் வேறொருவராக மாறுவது. அப்புறம் குரல். ஐந்தாவது வாரத்தில்தான் கதையே. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசிவிட்டு என் எதிரே வாயைத் திறக்கப் பயப்படும் பிள்ளைகள், பத்தாவது வாரம் மேடையில் நிற்க வேண்டும். நிற்பார்கள்.

ஜூலை 2, புதன்

மூச்சுப் பயிற்சி. நாற்பது நிமிடமும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜூலை 9, புதன்

இன்றுதான் வகுப்பு வகுப்பாக இருந்தது. வீட்டில் இருக்கும் ஒருவராக மாறி, பேரும் வயதும் சொல்லுங்கள் என்றேன். மாதேஷ், கம்பெனி பஸ் ஓட்டும் அவன் அப்பாவாகி எல்லாரையும் திட்டினான். ஹரிணி — கடைசி பெஞ்ச், உத்தனப்பள்ளிப் பக்கம், இதுவரை குரலே கேட்டதில்லை — ஓசூரில் வேலை பார்க்கும் தன் அக்காவாக வந்து நின்றாள். "என் பேரு பூங்கொடி. வயசு பத்தொம்பது முடிஞ்சுது." தோளில் இருந்த களைப்புகூடச் சரியாக இருந்தது. பத்துக்குப் பத்து போட்டேன்.

மணி அடித்த பிறகு தனியாக வந்தாள். "மிஸ், கேக்கறவங்க நம்பணும்னா கண்ண எங்க வெக்கணும்?" மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் புருவ மத்தியைப் பார், கண்ணைப் பார்ப்பதாகவே நினைப்பார்கள். பேசுமுன் ஒரு மூச்சு விடு என்று சொல்லிக்கொடுத்தேன். மூன்று முறை செய்து பார்த்துவிட்டுப் போனாள்.

ஜூலை 16, புதன்

கடைசி பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார்.

ஜூலை 23, புதன்

ஹரிணி திங்களிலிருந்து வரவில்லை. அவள் பக்கத்து வீட்டுப் பெண், அதே வகுப்பு, என் காதோடு சொன்னாள்: "மிஸ், அவளுக்குக் கல்யாணம் வெச்சிருக்காங்க. அவங்க மாமனுக்கே."

பதினான்கு வயது. ஆனால் ஆடி பிறந்து ஒரு வாரம்தானே ஆகிறது, ஆவணிக்கு முன் யார் தாலி கட்டப் போகிறார்கள்? சனிக்கிழமை போய் அவள் அம்மாவிடம் பேசிக்கொள்ளலாம்.

ஜூலை 25, வெள்ளி

கணக்கு டீச்சர் வீட்டில் பேசுவது கன்னடம். மதியம் ஸ்டாஃப் ரூமில் சாப்பிடும்போது அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் டப்பாவை மூடிவிட்டார். "உங்க விருதுநகர் கணக்கு இங்க செல்லாது மிஸ். இவங்களோட ஆடி, அந்த ஆஷாடம், நேத்து அமாவாசையோட முடிஞ்சுபோச்சு. இன்னிலருந்து முகூர்த்தந்தான்."

இரண்டு நாள். இரண்டு நாளைச் சும்மா விட்டேனே! உடனே குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். நாளைக் காலையில் வீட்டுக்குப் போகிறார்களாம்.

ஜூலை 26, சனி

போனவர்கள் பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். "கல்யாணப் பொண்ணு அக்காதான் மிஸ். பூங்கொடி, பத்தொம்பது. ஆதார் காட்டுச்சு. தங்கச்சி அத்தை ஊருக்குப் போயிருக்காம். பொண்ணு தடுமாறவே இல்ல, கண்ணப் பாத்துச் சொல்லுச்சு."

அது ஹரிணி, ஹரிணிதான் என்று கத்தினேன். வகுப்புப் போட்டோவை எடுத்துக்கொண்டு பஸ் பிடித்துப் போய் இறங்கினால், வீடு பூட்டியிருக்கிறது. எல்லை தாண்டிக் கர்நாடகாவுக்குப் போய்விட்டார்கள். எந்த ஊர், எந்தக் கோவில் என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

அய்யோ, நான் என்ன பண்ணிட்டேன். முன்னாடியே ஏன் என்கிட்ட சொல்லலை? சொன்னாளே. எல்லார் முன்னாடியும் வந்து நின்னு சொன்னாளே. நான் மார்க் போட்டேன்.

ஆகஸ்ட் 6, புதன்

எழுதிக் கொடுத்த புகார் இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் கிடக்கிறது. கடைசி பீரியடை நானே கணக்கு டீச்சரிடம் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 20, புதன்

ஹரிணியும் அவள் அம்மா சென்னம்மாவும் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார்கள். ஹரிணி தாலியைச் சுடிதாருக்குள் விட்டிருந்தாள். மஞ்சள் கயிறு கழுத்தோரம் தெரிந்தது. "அத்தை ஊர்லயே படிக்கட்டும் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு, சென்னம்மா கையெழுத்துப் போட உள்ளே போனாள்.

நான் ஹரிணியின் கையைப் பிடித்தேன். "ஒரே ஒரு வார்த்தை சொல்லு கண்ணு. இப்பவே போன் பண்றேன்."

அவள் ஒரு மூச்சு விட்டாள்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் மிஸ்."

அவள் பார்வை என் புருவ மத்தியில் இருந்தது.