கறை போகாத காந்தக் குச்சி

அனுப்புநர்:
லா. நடாலி,
கண்ணாடிக் கலங்கள் கழுவும் ஒப்பந்தப் பணியாளர்,
கேலாங் ஈஸ்ட், சிங்கப்பூர்.

பெறுநர்:
இயக்குநர்,
ஹைட்ரஜன் சேமிப்பு ஆய்வு நிலையம்,
துவாஸ், சிங்கப்பூர்.

பொருள்: என் தந்தை திரு. லாசரஸ் மீது எழுதப்பட்ட 'கவனக்குறைவு' என்ற குறிப்பை நீக்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கு வயது பதினேழு. உயர்நிலை மூன்றோடு பள்ளியை விட்டவள். இதைச் சொல்ல இருமுறை உங்கள் அறை வாசல்வரை வந்து திரும்பிவிட்டேன். நேரில் எனக்குப் பேச வராது.

2. என் தந்தை உங்கள் ஆய்வுக்கூடத்தில் பதினொரு ஆண்டுகள் உதவியாளராக இருந்தார். ஃபார்மிக் அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை வெளிவரச் செய்யும் பல்லேடிய நுண்துகள் தூள் எத்தனை முறை உழைக்கும் என்று பார்ப்பது அவர் வேலை. வாயு வந்து முடிந்ததும் தூளை வடித்து, அலசி, உலர்த்தி, அதே தூளை மீண்டும் போடுவார். புதுத் தூளை யாரும் செய்துகொள்ளலாம், உழைத்த தூளைச் செய்ய முடியாது என்பார். 187 சுற்றுகள் முடிந்திருந்தன. ஆய்வு நிறைவுபெற 200 வேண்டும்.

3. மார்ச் 3 பிற்பகல் அவருக்கு நெஞ்சு வலித்தது. கையிலிருந்த குப்பியைப் பக்கத்திலிருந்த நீலத் தட்டில் வைத்துவிட்டுச் சரிந்திருக்கிறார். நீலத் தட்டில் இருப்பவை எல்லாம் கழுவ வேண்டியவை என்பது கூடத்தின் விதி. தட்டு கீழ்த்தளத்தில் கலங்கள் கழுவும் என்னிடம் வந்தது. அவரை ஆம்புலன்ஸில் கொண்டுபோனது எனக்கு அப்போது தெரியாது. பெயர் ஒட்டிய மூடி மேல்தளத்திலேயே இருந்துவிட்டது. அடியில் கறுப்பாக இருந்ததை அழுக்கு என்று எண்ணித் தேய்த்துக் கழுவினேன்.

4. மறுநாள், அப்பா உதவிவந்த ஆய்வாளர் டாக்டர் ரஷீதா குப்பியைத் தேடுவதாகச் செய்தி வந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மருத்துவமனையில் அப்பா, "குப்பி பத்திரமா இருக்காம்மா?" என்று கேட்டார். "இருக்குப்பா" என்றேன். மார்ச் 6 காலை இறந்துவிட்டார். என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான்.

5. தூள் தொலைந்தது உதவியாளரின் கவனக்குறைவு, எனவே முந்தைய சுற்றுகளையும் ஏற்க இயலாது என்று நிலையத்தின் அறிக்கை சொல்கிறது. முப்பதாம் நாள் பூசைக்குப் பின் வீட்டுக்கு வந்த டாக்டர் ரஷீதா அதைத் தயங்கித் தயங்கி அம்மாவிடம் சொன்னார். அம்மா, மடித்து வைத்திருந்த அப்பாவின் சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார். நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.

6. குப்பிக்குள் தூளைக் கலக்கும் சிறிய வெள்ளைக் காந்தக் குச்சி ஒன்று இருந்தது. எவ்வளவு தேய்த்தும் அதிலிருந்த கறுப்புக் கறை போகவில்லை. சரியாகக் கழுவவில்லை என்று திட்டு விழுமோ எனப் பயந்து, அதை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். கண்ணாடிக் குழாயில் இட்டு இத்துடன் இணைத்துள்ளேன்.

ஐயா, அந்தக் குச்சியை ஒருமுறை அமிலத்தில் போட்டுப் பார்க்கும்படி டாக்டர் ரஷீதாவிடம் சொல்லுங்கள். கறையாய் ஒட்டியிருக்கும் தூளால் குமிழி எழுந்தால் 188 என்று அப்பாவின் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். எழாவிட்டாலும், 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்கு நேரே இருக்கும் அவர் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடுங்கள்.

நடந்ததை நடந்தபடியே எழுதிக் கையெழுத்திடுகிறேன்.

இடம்: கேலாங் ஈஸ்ட்
நாள்: 22.4.2025

லா. நடாலி